பிசினில் உறைந்த ஈயின் உறவினங்கள் பாலைவன மலையில்!

திருக்குர்ஆனின் 22ஆவது அத்தியாயமான அல்ஹஜ்ஜின் 73ஆவது வசனத்தில் அல்லாஹ் உதாரணமாக எடுத்துக் கூறுவது ஈயைத்தான். நாம் கையை வீசி விரட்டிவிடும் இந்தச் சிறிய படைப்பில் இதுவரை 1,50,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்கு விஞ்ஞானிகள் பெயரிட்டுள்ளனர். அவற்றில் பாலைவன மலையொன்றில் கண்டறியப்பட்ட இரண்டு இனங்களைப் பற்றி இங்கே பார்ப்போம்.

பிசினுக்குள் கிடைத்த ஈ

ஸ்பெயின் நாட்டின் வடக்கில் உள்ளது ஆலவா மாகாணம். அங்கே 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்களின் பிசின் கல்லாக இறுகிக் கிடக்கிறது. இதற்கும் ‘அம்பர்’ என்றுதான் பெயர். ஆனால் அத்தரில் சேர்க்கப்படும் அம்பர் திமிங்கலத்திலிருந்து கிடைப்பது. அது வேறு, இது வேறு.

இந்தப் பிசினுக்குள் சிக்கியிருந்த மிகச் சிறிய ஈக்களை ஆராய்ந்து, 1999-இல் ‘அலவேசியா’ என்ற பேரினப் பெயர் சூட்டினார்கள். உயிருள்ள அலவேசியாவை அதுவரை யாரும் பார்த்ததில்லை. எனவே அது எப்போதோ அழிந்துவிட்டது என்றே எண்ணப்பட்டது.

எரியும் மலையில்

ஆப்பிரிக்காவின் தென்மேற்கில், நமீப் பாலைவனத்தின் ஓரத்தில் பிராண்ட்பெர்க் மலை நிற்கிறது. நமீபியாவின் மிக உயரமான மலை இதுவே. உயரம் 2,500 மீட்டருக்கும் அதிகம். மாலை வெயிலில் செந்நிறமாக ஒளிர்வதால் ‘எரியும் மலை’ என்று பெயர் பெற்றது. இங்கிருந்து கிடைத்த ஈக்கள் அலவேசியா பேரினத்தைச் சேர்ந்தவை என்று சிங்கிளேர், கர்க்-ஸ்பிரிக்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2010-இல் அறிவித்தனர். இரண்டு புதிய இனங்களும் விவரிக்கப்பட்டன: அலவேசியா டவுரா, அலவேசியா லியூகோபுரொசோபா. பிந்தைய பெயருக்குக் கிரேக்க மொழியில் ‘வெண்முகம்’ என்று பொருள்.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

பார்த்தவுடன் ‘புதிய இனம்’ என்று அறிவித்துவிட முடியாது. இறக்கை நரம்புகளின் அமைப்பு, உணர்கொம்பு, ஆண் ஈயின் வயிற்று நுனி ஆகியவற்றை நுண்ணோக்கியில் பார்த்து, ஏற்கெனவே அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிட வேண்டும். பெயருக்குச் சான்றாக ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்து அருங்காட்சியகத்தில் பாதுகாக்க வேண்டும். யார் சந்தேகித்தாலும் அதை எடுத்துச் சரிபார்க்கலாம்.

பகிரும் முன்

இத்தகைய செய்திகள் வாட்ஸ்அப்பில் வரும்போது, ‘10 கோடி ஆண்டுகளாக மாறாத ஈ, அறிவியல் பொய்யானது!’ என்று தலைப்பிட்டுப் பரப்புவோர் உண்டு. அது உண்மையல்ல. பிசினில் இருப்பவையும் மலையில் பறப்பவையும் ஒரே பேரினம். ஆனால் வெவ்வேறு இனங்கள். மார்க்கத்தின் மீதுள்ள பற்றினால் பகிர்ந்தாலும் தவறான தகவல் தவறுதான். நாளை உண்மை தெரியவரும்போது நம் பிள்ளைகளின் நம்பிக்கையையே அது அசைத்துவிடும்.

இந்த ஈக்கள் உணர்த்தும் செய்தி எளிமையானது: நம் கண்ணில் படவில்லை என்பதற்காக ஒன்று இல்லை என்றாகிவிடாது. அனைத்தையும் நன்கறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.