முழுச்சட்டம் என்னும் பெயர்: ஒரு கமரா அளவின் வரலாறு

பெயர் ஒரு பொருளைச் சுட்டுவதோடு நில்லாது அதன் மதிப்பையும் வரையறுத்துவிடுவதுண்டு. இக்காலத்தில் டிஜிற்றல் கமரா வாங்கச் செல்வோர் முதலிற் சந்திக்கும் பாகுபாடு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஒளியை ஏற்கும் உணரியானது 24 மில்லிமீற்றர் உயரமும் 36 மில்லிமீற்றர் அகலமும் உடையதாயின் அக்கமரா ‘புல் பிறேம்’, அஃதாவது முழுச்சட்டக் கமரா எனப்படும். அதனிற் சிறிய, ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் உயரமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உடைய உணரியைக் கொண்டது ‘கிறொப்’, அஃதாவது வெட்டிக் குறைத்த சட்டத்துக் கமரா எனப்படும். இக்கட்டுரையில் அதனைக் குறுஞ்சட்டம் என வழங்குவாம். முழுமை ஒன்றற்கும் குறைவு மற்றொன்றற்கும் பெயரளவிலேயே உரித்தாக்கப்பட்டுவிட்டமையால், பொருள்வசதி குறைந்த மாணவனொருவன் இரண்டாவதை வாங்கும்போது ஊனமுற்ற ஒன்றையே வாங்குவதாக எண்ணி மனஞ்சோர்கின்றான். வேறு சிலர் கடன்பட்டேனும் முன்னையதை வாங்க முற்படுகின்றனர். எதனோடு ஒப்பிட்டு அது முழுமை எனப்பட்டது? அவ்வளவை வகுத்தவர் யாவர்? இவ்வினாக்களுக்கு வரலாறு தரும் விடையை அறிந்தபின்னரே இத்தெரிவினைச் செவ்வனே செய்தல் கூடும்.

இவ்வளவின் தோற்றத்தைப் புகைப்படக் கலையிலன்றிச் சலனப்படக் கலையிலேயே தேடுதல் வேண்டும். அமெரிக்காவில் ஜோர்ஜ் ஈஸ்ற்மன் 1889 ஆம் ஆண்டில் ஒளிபுகும் செலுலோயிட் படச்சுருளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அசையும் படங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த தோமஸ் எடிசனின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த டிக்சன் என்பார், 70 மில்லிமீற்றர் அகலமுடைய சுருளை நெடுக்காக இரண்டாகப் பிளந்து 35 மில்லிமீற்றர் அகலமுடைய நாடாவைப் பெற்றார். அதன் இருமருங்கும் துளைகள் இடப்பட்டன. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துக்கு நான்கு துளைகள் என வகுக்கப்பட்டபோது, படமொன்றன் அளவு ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் உயரமும் 24 மில்லிமீற்றர் அகலமும் ஆயிற்று. 1909 ஆம் ஆண்டிற் பாரிசு நகரிற் கூடிய சலனப்படத் தயாரிப்பாளர் மாநாடு 35 மில்லிமீற்றர் சுருளைப் பொது அளவாக ஏற்றுக்கொண்டது. கையில் இருந்த சுருளைப் பிளந்ததனாற் கிடைத்த ஓர் அகலம் இவ்வாறு உலகப் பொதுவாயிற்று.

இச்சுருளைப் புகைப்படத்துக்கு ஏற்றதாக்கியவர்களுள் தலைசிறந்தவர் ஒஸ்கார் பார்னாக் ஆவர். 1879 இற் பிறந்த இவர், ஜேர்மனியின் வெற்சுலார் நகரில் நுணுக்குக்காட்டிகள் செய்துவந்த லைற்சு நிறுவனத்தில் 1911 ஆம் ஆண்டு சேர்ந்தார். அக்காலப் புகைப்படக்காரர் கண்ணாடித் தகடுகளையும் பாரமான பெட்டிகளையும் சுமந்து திரிந்தனர். ஈளைநோயால் வருந்திய பார்னாக்குக்கு இச்சுமை பெருந்துன்பமாயிருந்தது. சிறிய நெகற்றிவிலிருந்து பெரிய படத்தைப் பெறலாம் என்னுங் கருத்து அவர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. 1914 ஆம் ஆண்டளவில் அவர் ஆக்கிய சிறு கமராவிற் சலனப்படச் சுருள் மேலிருந்து கீழாக ஓடாது பக்கவாட்டில் ஓடியது. சலனப்படத்தின் இரண்டு சட்டங்கள் அங்கே ஒன்றாக இணைக்கப்பட்டன. பதினெட்டும் பதினெட்டும் சேர்ந்து முப்பத்தாறாயின. இருபத்துநான்கு மாறாது நின்றது. இன்று முழுச்சட்டம் எனப் போற்றப்படும் 24 க்கு 36 என்னும் அளவு இவ்வாறு பிறந்ததே.

முதலாம் உலகப் போரினால் இம்முயற்சி தடைப்பட்டது. போர் முடிந்து பொருளாதாரம் நிலைகுலைந்திருந்த 1924 ஆம் ஆண்டில், இக்கமராவை உற்பத்தி செய்வதென இரண்டாம் ஏர்ன்ஸ்ற் லைற்சு துணிந்தார். 1925 ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் ‘லைக்கா’ என்னும் பெயருடன் அது வெளிவந்தது. அக்கால வல்லுநர் அதனை எவ்வாறு நோக்கினர் என்பது ஈண்டுக் கருதற்பாலது. அவர்கள் கையாண்ட தகடுகளுள் ஒன்று 9 சென்ரிமீற்றருக்கு 12 சென்ரிமீற்றர் அளவினது. அதன் பரப்பு லைக்காச் சட்டத்தின் பரப்பைப்போலப் பன்னிரண்டு மடங்கிலும் அதிகமாகும். ஆதலின் 24 க்கு 36 என்பது ஜேர்மன் மொழியிற் ‘கிளைன்பில்ட்’, அஃதாவது சிறுபடம் என்றே பெயர் பெற்றது. ஆங்கிலத்திலும் அத்தகைய கருவிகள் ‘மினியேச்சர்’ கமராக்கள் எனப்பட்டன. இன்று முழுமைக்கு இலக்கணமாய் நிற்பது அன்று சிறுமைக்கு இலக்கணமாய் இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

சிறுபடம் எவ்வாறு நிலைபெற்ற அளவாயிற்று? அதனைச் சூழ்ந்து வளர்ந்த தொழில்களே அதற்குக் காரணமாம். 1934 இற் கொடாக் நிறுவனம் ஆயத்தமாக நிரப்பிய 35 மில்லிமீற்றர்ச் சுருட்கூட்டை வெளியிட்டது. 1936 இல் டிறெஸ்டென் நகரத்து ஈகாகே நிறுவனம், வில்லையினூடாக வரும் ஒளியை ஆடியொன்றினால் தெறிக்கச் செய்து காட்டும் எஸ்.எல்.ஆர். வகைக் கமராவை இவ்வளவில் ஆக்கிற்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர் யப்பானின் நிக்கொன் நிறுவனம் இவ்வளவினின்றும் விலகிச் செல்ல முயன்றது. 1948 இல் வெளிவந்த அதன் முதற் கமரா 24 க்கு 32 மில்லிமீற்றர்ச் சட்டம் உடையது. ஒரே சுருளிற் கூடுதலான படங்களை எடுக்கவும், அச்சிடும் தாளின் விகிதத்துக்கு அணுக்கமாகவும் அது அமைந்திருந்தது. ஆயினும் அமெரிக்காவில் வண்ணப்படத் துண்டுகளை வெட்டிச் சட்டமிடும் முறைகள் 36 மில்லிமீற்றருக்கே அமைந்திருந்தன. நிக்கொன் 1949 இல் 34 மில்லிமீற்றருக்கும், 1954 இல் 36 மில்லிமீற்றருக்கும் தன் சட்டத்தை நீட்டிக்கொண்டது. சிறந்த விகிதம் எது என்னும் ஆராய்ச்சி அங்கு முடிவைத் தரவில்லை. வெட்டும் பொறியே முடிவைத் தந்தது.

ஐந்தாண்டுகள் கழித்து, 1959 இல், ஒலிம்பஸ் நிறுவனம் ‘பென்’ என்னும் சிறு கமராவை வெளியிட்டது. அதன் சட்டம் 18 க்கு 24 மில்லிமீற்றர். அஃதாவது எடிசன் காலத்துச் சலனப்படச் சட்டத்தின் அளவே. ஆனால் அதற்கு வழங்கிய பெயரோ அரைச்சட்டம் என்பதாகும். சலனப்படத்தில் முழுச்சட்டமாயிருந்தது, பார்னாக் அதனை இரட்டித்தமையாற் பிற்காலத்தில் அரையாயிற்று. முழுமை என்பது எக்காலத்தும் அக்கால வழக்கத்தையே அளவுகோலாகக் கொண்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இனி டிஜிற்றற் காலத்துக்கு வருவாம். 1969 இற் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்னும் இருவரும் ஒளியை மின்னேற்றமாகச் சேமித்து வாசிக்கத்தக்க சில்லுக்கு அடிகோலினர். இதன்பொருட்டு 2009 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபெற் பரிசில் அவர்கள் பங்குபெற்றனர். 1991 இற் கொடாக் நிறுவனம் நிக்கொன் எப்3 கமராவின் உடலில் 13 இலட்சம் படப்புள்ளிகள் கொண்ட உணரியைப் பொருத்தி விற்றது. அவ்வுணரி படச்சுருட் சட்டத்திலுஞ் சிறியது. 1999 இல் நிக்கொன் வெளியிட்ட டி1 கமராவின் உணரியும் ஏறத்தாழ 16 க்கு 24 மில்லிமீற்றர் அளவினதே.

உணரிகள் சிறியனவாய் அமைந்தமைக்குக் காரணம் சில்லுத் தொழிலின் இயல்பே. வட்டமான சிலிக்கன் தகட்டிலிருந்து சில்லுகள் வெட்டியெடுக்கப்படுகின்றன. சில்லு பெரிதாகுந்தோறும் ஒரு தகட்டிலிருந்து கிடைக்கும் எண்ணிக்கை குறையும்; தகட்டிலுள்ள நுண்பழுது ஒவ்வொரு சில்லையும் பாதிக்கும் வாய்ப்பும் கூடும். மேலும், சில்லின் சுற்றுகளை ஒளியாற் பதிக்கும் பொறிகளில் ஒரே தடவையிற் பதிக்கத்தக்க பரப்பு பொதுவாக 26 க்கு 33 மில்லிமீற்றரே. 36 மில்லிமீற்றர் அகலமுடைய உணரியைப் பகுதி பகுதியாகப் பதித்து இணைத்தல் வேண்டும். ஆகவே பரப்பு 2.3 மடங்காக உயரும்போது விலை அதனினும் பன்மடங்கு உயர்ந்தது. சிறிய உணரிக்கு ஏ.பி.எஸ்.-சி என்னும் பெயர் வந்ததும் ஒரு விந்தையே. அது 1996 இல் கொடாக், பியூஜி, கனன், நிக்கொன், மினோல்டா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி வெளியிட்ட புதிய படச்சுருள் முறையொன்றின் பெயர். 2011 இல் அச்சுருளின் உற்பத்தி முடிவுற்றது. சுருள் மறைந்தபின்னரும் அதன் பெயர் உணரிகளில் நின்று வாழ்கின்றது.

அங்ஙனமாயிற் பெரிய உணரியை மக்கள் வேண்டியது யாதுபற்றி? அவர்களிடம் இருந்த வில்லைகளே முதற்காரணம். 24 மில்லிமீற்றர்க் குவியத்தூரமுடைய அகலப்பார்வை வில்லையொன்றைக் குறுஞ்சட்டக் கமராவிற் பொருத்தினால், சட்டத்தின் நடுப்பகுதியே பதிவாகும். பழைய கமராவில் 36 மில்லிமீற்றர் வில்லை தரும் ஒடுங்கிய காட்சியையே அது தரும். பெரும்பொருள் செலவிட்டு அகல வில்லைகளைத் தேடியோர் இதனை இழப்பாகக் கருதியது இயல்பே. வெட்டிக் குறைத்தது என்னும் பெயரும் இவ்விழப்பைச் சுட்டுவதாகும். 2002 இற் கொன்ராக்ஸ், கனன் என்பவை முழுச்சட்ட டிஜிற்றல் கமராக்களை வெளியிட்டன. கனன் 1டிஎஸ்ஸின் விலை ஏறத்தாழ 8,000 அமெரிக்க டொலர். மறு ஆண்டில் அதே நிறுவனம் குறுஞ்சட்ட 300டியை 1,000 டொலருக்குக் குறைவாக விற்றது. 2003 இல் நிக்கொன் குறுஞ்சட்டத்துக்கென்றே 12–24 மில்லிமீற்றர் வில்லையை ஆக்கியபோது, அகலப்பார்வை பற்றிய குறையும் பெரும்பாலும் நீங்கிற்று.

இரு அளவுகளையும் நடுநிலைமையோடு ஒப்பிடுதற்கு 2007 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 23 ஆம் நாள் நல்ல வாய்ப்பைத் தருகின்றது. அன்று நிக்கொன் நிறுவனம் டி3, டி300 என்னும் இரண்டு கமராக்களை ஒருங்கே அறிவித்தது. முழுச்சட்ட டி3 இல் 1 கோடி 21 இலட்சம் படப்புள்ளிகளும், குறுஞ்சட்ட டி300 இல் 1 கோடி 23 இலட்சம் படப்புள்ளிகளும் இருந்தன. ஒரே நிறுவனம், ஒரே நாள், ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை; பெரும்பாலும் அளவொன்றே வேறு. டி3 இன் ஒவ்வொரு புள்ளியும் பெரிதாதலின் கூடிய ஒளியைப் பெற்றது. அதன் இயல்பான உணர்திறன் 6400 வரையும் சென்றது. டி300 இனது 3200 உடன் நின்றது. மங்கிய ஒளியில் அசைவோரைப் படம்பிடிப்பவருக்கு இது மெய்யான நன்மை. அதனை மறுப்பது நேர்மையன்று.

ஆயின் தொலைவிலுள்ள பறவையொன்றை 300 மில்லிமீற்றர் வில்லையாற் படம்பிடிப்பதாகக் கொள்வோம். அப்பறவையின் விம்பம் இரு உணரிகளிலும் ஒரே பருமனில் விழும். குறுஞ்சட்டத்திற் கிடைக்கும் 450 மில்லிமீற்றருக்கு நிகரான காட்சியை டி3 இற் பெறவேண்டுமாயின் அதன் நடுப்பகுதியை வெட்டியெடுத்தல் வேண்டும். அங்ஙனம் வெட்டியபின் எஞ்சுவன 51 இலட்சம் புள்ளிகளே. டி300 இலோ 1 கோடி 23 இலட்சமும் அப்படியே நிற்கும். இங்கே வெட்டிக் குறைக்கப்படுவது முழுச்சட்டமே என்பது நோக்குக. டி3 இன் எடை 1,240 கிராம், விலை ஏறத்தாழ 5,000 டொலர். டி300 இன் எடை 825 கிராம், விலை ஏறத்தாழ 1,800 டொலர். மிஞ்சும் 3,200 டொலருக்கு நல்ல வில்லைகள் சில வாங்கலாம்.

ஒளி பற்றிய நன்மைக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரே காட்சியை ஒரே துவார எண்ணில் எடுத்தால், முழுச்சட்டம் 2.3 மடங்கு ஒளியைச் சேர்க்கும். ஆனால் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். முகமொன்றைப் பின்னணியினின்றும் பிரித்துக் காட்ட விரும்புவோருக்கு இது உவப்பானது. வகுப்பு மாணவர் அனைவரும் மூன்று வரிசையில் நிற்கும் படத்துக்கோ அது தொல்லையாம். அதே ஆழம் வேண்டித் துவாரத்தைச் சுருக்கினால், மிகையாக வந்த ஒளியும் அவ்வளவிற் போய்விடும். அசையாப் பொருளாயின் முக்காலியில் வைத்து நெடுநேரம் ஒளிபடச் செய்து அதனை மீட்கலாம். அசையும் பொருளாயின் இயலாது.

எனவே மங்கிய அரங்கிற் பணிபுரிவோரும், பழைய அகல வில்லைகளை உடையோரும், மிகப் பெரிய படங்களை அச்சிடுவோரும் முழுச்சட்டத்தைத் தெரிதல் தகும். தொலைவிலுள்ளவற்றை நாடுவோருக்கும், சுமையும் செலவும் குறைய வேண்டுவோருக்கும், புதிதாய்க் கற்போருக்கும் குறுஞ்சட்டமே ஏற்றது. இருவருள் ஒருவர் மற்றவரினும் தாழ்ந்தவர் அல்லர்.

ஆடியில்லாக் கமராக்கள் பெருகியபின்னரும் இவ்வழக்கு ஓயவில்லை. 2018 இல் நிக்கொன், கனன் இரண்டும் முழுச்சட்டத்தில் அவ்வகைக் கமராக்களைத் தொடங்கின; எனினும் குறுஞ்சட்டத்திலும் 2019 இல் நிக்கொன் இசட்50, 2022 இற் கனன் ஆர்7 என்பன வந்தன. பியூஜி நிறுவனமோ 2012 முதல் எக்ஸ் வரிசையைக் குறுஞ்சட்டத்திலேயே வளர்த்து, முழுச்சட்டத்தைத் தொடாமலே தாண்டி, 2017 இல் ஏறத்தாழ 33 க்கு 44 மில்லிமீற்றர் உணரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முழுமையினும் பெரிதான இதற்கு என்ன பெயரிடுவது?

பார்னாக் நாடியது பெரிய சட்டத்தை அன்று. தன்னாற் சுமக்கத்தக்க கருவியையே அவர் நாடினார். தம் காலத்து வல்லுநர் சிறிதென்று இகழக்கூடிய ஓர் அளவைத் தம் தேவையறிந்து தேர்ந்தெடுத்தார். அவருடைய அளவைப் பெயரால் வழிபடுவதிலும், அவர் தெரிவுசெய்த முறையைப் பின்பற்றுவதே அறிவுடைமையாம்.