வாய்தாவில் கூடிய வயது

கோவை கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விசாரணைக்கு நடுவில் குற்றம் சாட்டப்பட்ட எதிரி ஒருவர் இறந்துபோனால் வழக்குக் கட்டில் என்ன எழுத வேண்டும் என்பது மனப்பாடம்: இறப்புச் சான்று தாக்கல், இவரைப் பொறுத்து வழக்கு அற்றுப்போகிறது. வாச்சாத்தி வழக்கில் மட்டும் 54 எதிரிகள் தீர்ப்புக்கு முன்பே இப்படிக் கழிந்தார்கள்.

வாச்சாத்தி, தர்மபுரி மாவட்டம் அரூர்ப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்து மலையாளிப் பழங்குடி ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினர் 155 பேர், போலீஸார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர் ஊருக்குள் புகுந்தார்கள். ஆலமரத்தடியில் சனத்தைக் கூட்டி அடித்தார்கள். 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள். அவர்களில் ஒருத்தி 13 வயதுப் பிள்ளை. வீடுகளை இடித்து, தானியத்தில் கண்ணாடித்தூளைக் கலந்து, கிணற்றில் டீசலை ஊற்றினார்கள். அடிபட்டவர்கள் மீதே வழக்குப் போட்டு, கைக்குழந்தைகளோடு சேலம் சிறைக்கு அனுப்பினார்கள்.

அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அரசு. மார்க்சிஸ்ட் கட்சியின் நல்லசிவன் நீதிமன்றம் போனார், பெ. சண்முகமும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் நின்றார்கள். 1995இல் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. வழக்கு கோவைக்கு வந்து, கிருஷ்ணகிரிக்குப் போய், கடைசியில் தர்மபுரியில் முடிந்தது.

அந்த வழக்கில் நான் வேலை பார்க்கவில்லை. ஆனால் ஒரு கேஸ் எப்படி இழுபடும் என்பது என் மேசைக்குத் தெரியும். இத்தனை எதிரிகள் என்றால் பேர் கூப்பிட்டு முடிக்கவே காலைப்பொழுது போய்விடும். வராதவருக்கு வருகை விலக்குக் கேட்டு 317 மனு. வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்று இன்னொரு மனு. அப்புறம் வாய்தா. எதிரிக்கு அந்த மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும். சாட்சிக்கோ கூலி போச்சு, பஸ் காசும் போச்சு.

2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சம்பவம் நடந்து 19 வருசம். அப்பீலில் இன்னும் 12 வருசம். நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அதே செப்டம்பர் 29ஆம் தேதியில் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பேருக்கும் தலா 10 லட்சம். அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றார்.

அப்போது பலர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "ஏனுங்க, ரிட்டயர்டாகிப் பேரன் பேத்தி எடுத்த மனுசனை இப்பப் போய் உள்ள வெக்கோணுமா?" எனக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. அந்த வயது வாய்தாவில் கூடிய வயது. அந்தப் பெண்களுக்கும் அதே வருசங்கள்தான் ஓடின. தீர்ப்பைப் பார்க்காமலே சிலர் போய்விட்டார்கள்.

ஜெர்மனியில் 2022 டிசம்பரில் இர்ம்கார்ட் ஃபுர்க்னர் என்ற 97 வயது மூதாட்டிக்குத் தண்டனை விதித்தார்கள். ஸ்டுட்ஹோஃப் நாஜி முகாமின் தளபதிக்குத் தட்டச்சராக இருந்தவர். யாரையும் தொட்டு அடித்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. 10,500க்கு மேற்பட்ட கொலைகளுக்கு உடந்தை என்பதே வழக்கு. அன்று அவருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது என்பதால் சிறார் நீதிமன்றம் விசாரித்தது. இரண்டாண்டு, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. ஆயுள் முழுக்க அடுத்தவர் சொன்னதைத் தட்டச்சு செய்தவன் என்ற முறையில் அந்தச் செய்தி என்னை உலுக்கியது. அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன்.

நம் வடக்கு மலைக்கு அப்படி ஒரு தீர்ப்பு வரவில்லை. சந்தனமரக் கடத்தல்காரன் வீரப்பனைத் தேடிய வேட்டையில் சத்தியமங்கலம், தாளவாடி, அந்தியூர் மலைச்சனம் அதிரடிப்படையிடம் பட்டதை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் சதாசிவா குழுவை அமைத்தது. கோபிசெட்டிபாளையத்தில் அக்குழு உட்கார்ந்தபோது, மாதேஸ்வரன் மலை முகாமில் கரண்ட் வைத்ததைச் சனங்கள் வந்து சொன்னார்கள். அதிரடிப்படையினர் அந்த இடத்துக்கு வைத்த பெயர் 'ஒர்க் ஷாப்'. பவானி வழக்கறிஞர் ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் அந்தக் கொடுமையைத்தான் சொல்கிறது. 2004 அக்டோபரில் வீரப்பன் கொல்லப்பட்டதும் அதிரடிப்படையினருக்கு ஆளுக்கு 3 லட்சம், வீட்டு மனை, பதவி உயர்வு என்று அறிவிப்பு வந்தது. மலைச்சனத்தில் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி இழப்பீடு என்று ஆணையம் சொன்னது 2007இல். வாச்சாத்தி மாதிரி ஒரு குற்றவாளிப் பட்டியல் அந்த முகாமுக்கு எந்தக் கோர்ட்டிலும் எழுதப்படவில்லை.

மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்கு நம் சட்டத்தில் காலக்கெடு கிடையாது. 1993இல் முப்பது வயதில் அந்த முகாமில் நின்றவருக்கு இன்று அறுபதுதான் தாண்டியிருக்கும். சாட்சி சொல்லத் தாளவாடி மலையில் இன்னும் ஆள் இருக்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கலாகட்டும். வயதான எதிரி நிற்க முடியவில்லை என்றால் கோர்ட்டில் உட்கார ஸ்டூல் போடுவோம். நானே எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன்.