பால் காணாது எண்டு சொன்னது ஆர்?

அக்காவுக்குப் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் இரவு எங்கட வீட்டில ஒருத்தரும் நித்திரை கொள்ளவில்லை. பிள்ளை அழுதுகொண்டே இருந்தான். அக்காவின்ர மார்பு கல்லு மாதிரி இறுகிப் போயிருந்தது. காம்பு வெடித்து இரத்தம் வேற. பிள்ளை வாயை வைத்தால் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அழுவா. "பால் காணாது பிள்ளை, மா கரைச்சுக் குடு" என்று பக்கத்து வீட்டு அன்ரி சொன்னா. "ரெண்டு துளி சீனித்தண்ணியாவது வையுங்கோ" என்று அம்மம்மா சொன்னா. போனைத் திறந்தால், சிரித்தபடி பால் கொடுக்கிற தாய்மாரின் படங்கள். அதைப் பார்த்து அக்கா இன்னும் அழுதா.

எனக்கு அந்த இரவு ஒரு கேள்வியைத் தந்தது. இவ்வளவு இயற்கையான விசயம் என்றால் ஏன் இவ்வளவு கஷ்டம்? வாசிக்க வாசிக்கத் தெரிந்தது: முதல் சில நாளின் கஷ்டம் புதிதில்லை. அந்தக் கஷ்டத்துக்கு ஒவ்வொரு காலமும் கொடுத்த மருந்துதான் பல வேளைகளில் கஷ்டத்தைக் கூட்டியிருக்கிறது.

முதலில் உடம்பின் கணக்கைப் பார்ப்போம். பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகுதான் பால் பெருகுவதற்கான சமிக்ஞை உடம்புக்குக் கிடைக்கிறது. அதற்கு இரண்டு தொடக்கம் நான்கு நாள் எடுக்கும். அதுவரை சுரப்பது கடும்புப் பால். மஞ்சளாக, தடிப்பாக, ஒரு தரத்துக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும். பிறந்த பிள்ளையின் வயிற்றுக்கு அது காணும். ஆனால் பார்க்கிறவர்களின் கண்ணுக்குக் காணாது. பிரச்சினை தொடங்குகிற இடம் இதுதான்.

பழைய வைத்தியர்களும் இந்த இடைவெளியைக் கவனித்திருக்கிறார்கள். பால் மூன்றாம் நான்காம் நாளில்தான் இறங்கும் என்று சுசுருத சம்ஹிதை சொல்கிறது. அதுவரை பிள்ளைக்குத் தேனும் நெய்யும் கொடுக்கச் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வைத்தியம் பார்த்த கிரேக்கர் சொரானஸ், தாயின் பால் இருபது நாள் வரை பிள்ளைக்கு ஆகாது என்று நினைத்தார். அவர்கள் பார்த்தது சரி, முடிவுதான் பிழை. பிள்ளை உறிஞ்சாவிட்டால் பால் வெளியேறாது. வெளியேறாத பால் மார்பில் கட்டும். கட்டிய மார்பைப் பிள்ளையால் சரியாகக் கவ்வ முடியாது. தாய்க்கு நோவும் காய்ச்சலும் வரும். பிறகு "இவவுக்குப் பால் சரியில்லை" என்ற தீர்ப்பு.

1748இல் வில்லியம் கடோகன் என்ற வைத்தியர், லண்டனில் கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்த்த ஒரு நிலையத்தின் நிர்வாகிகளில் ஒருவருக்கு எழுதிய கட்டுரை வெளிவந்தது. பிறந்த பிள்ளையின் வாயில் வெண்ணெயும் சீனியும் திணிக்கிற பழக்கத்தைக் கண்டித்தார். முதல் பாலே பிள்ளையின் வயிற்றைச் சுத்தமாக்கும் என்றார். நல்ல விசயம்தான். ஆனால் அதே கட்டுரையில் ஒரு நாளைக்கு நாலு தரம் கொடுத்தால் போதும், இரவில் கொடுக்கவே வேண்டாம் என்றும் எழுதினார். ஒரு தடையை எடுத்த கையே இன்னொரு தடையை வைத்தது.

அந்த மணிக்கூடு இருபதாம் நூற்றாண்டில் இன்னும் சத்தமாக அடித்தது. நியூசிலாந்தில் ட்ரூபி கிங் 1907இல் தொடங்கிய பிளங்கட் சங்கம், நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பாலூட்டு, இரவில் ஊட்டாதே என்று தாய்மாருக்குப் படிப்பித்தது. அவரும் தாய்ப்பாலின் பக்கம் நின்றவர்தான். ஆனால் மார்பு மணிக்கூடு பார்த்துச் சுரக்காது. எடுக்க எடுக்கத்தான் ஊறும். விதியை ஒழுங்காகப் பின்பற்றிய தாய்க்குத்தான் பால் குறைந்தது. குறைந்ததும் அவ தன்னையே நொந்துகொண்டா.

அந்த இடைவெளிக்குள் ரின் வந்தது. 1860களில் ஐரோப்பாவில் லீபிக்கும் ஹென்றி நெஸ்லேயும் குழந்தை உணவுகளைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். பிறகு ரின்பால் கப்பலேறிக் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் போனது. மலாயாவில் வேலை செய்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர், சீனி கலந்த ரின்பாலில் வளர்ந்த பிள்ளைகள் நோஞ்சானாகிச் சாவதைக் கண்டார். 1939இல் சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்'. பிழையான விளம்பரத்தால் பிள்ளைகள் சாவதைக் கொலையாகத்தான் பார்க்கவேண்டும் என்று அந்த மேடையிலேயே சொன்னார்.

உலகம் அதைக் கேட்க நாற்பது வருசத்துக்கு மேல் எடுத்தது. 1970களில் பால்மா நிறுவனங்களுக்கு எதிராகப் பிரசாரமும் புறக்கணிப்பும் நடந்தன. 1981இல் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளைச் சந்தைப்படுத்துவதற்கு விதிக்கோவை ஒன்றை நிறைவேற்றியது. ஆதரவாக 118 வாக்குகள். எதிராக ஒரே ஒரு வாக்கு, அது அமெரிக்காவுடையது.

இலங்கை 1983இலேயே தனக்கென ஒரு விதிக்கோவையைக் கொண்டுவந்தது. ஆனால் எங்கட நாட்டில் தாய்ப்பாலைக் காத்தது சட்டம் மட்டுமில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த ஒரு வழக்கம் இருக்கிறது: குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவா. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். உலக அளவில் இது பெரிய எண்.

அந்த எண்ணுக்குள் எல்லாருடைய நிலைமையும் ஒன்றில்லை. மலையகத்தில் கொழுந்து எடுக்கிற தாய், பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகவேண்டும். 1939இல் வந்த மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில் இப்போது பாலூட்டும் இடைவேளைக்கு உரிமை இருக்கிறது. ஆனால் எடுத்த கொழுந்தின் நிறையைப் பார்த்துச் சம்பளம் போடும்போது, அந்த இடைவேளையை எடுப்பவளுக்குத்தான் நட்டம். "தாய்ப்பாலே சிறந்தது" என்று சுவரில் சுவரொட்டி ஒட்டுவது லேசு.

அடுத்த நாள் காலை எங்கட ஏரியா மிட்வைஃப் அக்கா வந்தா. பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை. பாயில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தா. இளஞ்சூட்டுத் துணி வைத்து, கையால் கொஞ்சப் பாலைப் பீச்சி மார்பை இளக்கச் சொன்னா. பிறகு பிள்ளை வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பை மட்டுமில்லாமல் கறுப்புப் பகுதியையும் சேர்த்துக் கவ்வ வைத்தா. முக்கால் மணித்தியாலம் எடுத்தது. காய்ச்சல் வந்தாலோ, பிள்ளை சலம் போவது குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னா. "சில பேருக்கு எவ்வளவு செய்தும் பால் காணாமல் போறது உண்டு. அப்ப மா குடுக்கத்தான் வேணும், அது உங்கட பிழை இல்லை" என்றும் சொன்னா. அக்கா அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டா.

கடோகனும் ட்ரூபி கிங்கும் தாய்மாருக்கு எவ்வளவோ சொன்னார்கள். பால்மா நிறுவனங்களும் சொன்னார்கள். அன்ரியும் அம்மம்மாவும் அன்போடுதான் சொன்னார்கள். அந்த முக்கால் மணித்தியாலம் பக்கத்தில் இருந்தவ மிட்வைஃப் அக்கா ஒராள்தான். உங்கட வீட்டில ஒரு பிள்ளை பிறந்தால், பால் இருக்கா இல்லையா என்று கேட்க முதல், தாய் சாப்பிட்டாவா, நித்திரை கொண்டாவா என்று கேளுங்கோ. பிள்ளையைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருங்கோ. மிட்வைஃபுக்கு ஒரு கோல் எடுங்கோ. அதை ஆம்பிளையளும் செய்யலாம்.