கூண்டு கப்பலுக்கு, கொடி ஊருக்கு: வங்கதேசம் புயலை எதிர்கொள்ளக் கற்ற கதை

(அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

ஐப்பசி, கார்த்திகை வந்தா நம்ம ஊர்ல செய்தியில ஒரு வரி தவறாம வரும்: "துறைமுகங்களில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது." சின்ன வயசுல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கோம். மூன்றுன்னா என்ன, எட்டுன்னா என்னன்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாம இருக்கிறதுல நம்ம தப்பு பெருசா இல்லை. அந்தக் கூண்டு கப்பலுக்காக ஏத்துறது, நமக்காக இல்லை.

இன்றைய கதை அந்தக் கூண்டில்தான் தொடங்குது. ஆனா நடக்கிற இடம் வங்கக் கடலோட வடக்கு முனை, இன்றைய வங்கதேசம். 1970ல் அங்கே ஒரே இரவில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்ததா மதிப்பிடுறாங்க. 2007ல் அதே கரையில் அதைவிடப் பலமான ஒரு புயல் அடித்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அப்பவும் அது ஏழை நாடுதான், ஜனத்தொகையும் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. அப்புறம் எப்படி இது நடந்தது?

எச்சரிக்கை யாருக்கு?

1864 அக்டோபர் 5ஆம் தேதி கல்கத்தாவை ஒரு புயல் தாக்கியது. கடல் ஹூக்ளி ஆற்றுக்குள் ஏறி வந்தது. சுமார் 60,000 பேர் இறந்ததா அன்றைய கணக்கு. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நூற்றுக்கணக்கில் சேதமாயின. ஆங்கில அரசு உடனே விழித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை வந்துவிட்டது. 1875ல் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் உருவானது.

அதற்கு மறு வருஷம், 1876 அக்டோபர் கடைசி இரவில், மேக்னா ஆற்றின் முகத்துவாரத்தில் பாகர்கஞ்ச் புயல். சுமார் ஒரு லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள். அதன்பின் வந்த காலராவிலும் பசியிலும் ஏறக்குறைய அதே அளவு பேர் செத்துப்போனார்கள். அங்கே பெரிய துறைமுகம் கிடையாது. இருந்தவர்கள் விவசாயிகளும் மீனவர்களும். அவர்களுக்குச் சேதி சொல்ல ஒரு ஏற்பாடும் இல்லை.

அந்தத் துறைமுக முறைதான் இந்தியா, பாகிஸ்தான், பிறகு வங்கதேசம் என்று எல்லாருக்கும் சொத்தாக வந்தது.

1970 நவம்பர் 12, இரவு

மேக்னா முகத்துவாரத்துல 'சர்' என்று சொல்லப்படும் மண்திட்டுகள் இருக்கு. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலில் உருவான தாழ்வான தீவுகள். வேறெங்கும் நிலமில்லாதவர்கள் அங்கே போய்க் குடியேறுவாங்க. நவம்பர்ல நெல் அறுவடை நேரம், வெளியூர்க் கூலிக்காரங்களும் வந்திருப்பாங்க. அங்கே கடல் ஆழமில்லாதது, கரையோ புனல் மாதிரி குறுகிக்கிட்டே போகும். புயல் தள்ளிக்கிட்டு வர்ற தண்ணிக்குப் பரவ இடமில்லாம உயர்ந்துக்கிட்டே வரும். அன்று இரவு கடல் ஏற்ற நேரமும் அதோடு சேர்ந்துகொண்டது.

புயல் வருதுன்னு யாருக்கும் தெரியாதா? தெரியும். வானொலி சொல்லியது. அப்பகுதியில் 90 சதவீதம் பேர் புயலைப் பற்றி அறிந்திருந்தார்கள், ஆனால் உறுதியான கட்டிடத்தில் ஒதுங்கியவர்கள் ஒரு சதவீதம்தான் என்று அடுத்த ஆண்டே ஆய்வாளர்கள் எழுதினார்கள். முந்தைய மாதம்தான் ஒரு புயலுக்கு எச்சரிக்கை வந்து, பெரிய சேதமில்லாமல் போயிருந்தது. அதைவிட முக்கியம், போவதற்கு இடமே கிடையாது. மூங்கிலும் வைக்கோலும்தான் வீடு.

புயலுக்குப் பின் ஆல்ஃபிரட் சாமர், வைலி மோஸ்லி என்ற இரண்டு மருத்துவர்கள் தலைமையில் ஒரு குழு கிராமம் கிராமமாகப் போய்க் கணக்கெடுத்தது. பாதிக்கப்பட்ட பகுதியில் ஆறில் ஒருவர் இறந்திருந்தார். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், இறந்தவர்களில் பாதிக்கு மேல். பிழைத்தவர்கள் பலரின் நெஞ்சு, கைகளின் உட்பக்கம், தொடை எல்லாம் தோல் உரிந்து கிடந்தது. விடியும்வரை மரத்தைக் கட்டிப் பிடித்திருந்த காயம் அது. அந்தப் பிடிக்கு யாருக்குத் தெம்பு இருந்ததோ அவங்க பிழைச்சாங்க. வயது வந்த ஆண்கள்தான் அதிகம் தப்பினார்கள். குழந்தைகள், பெண்கள், முதியவர்கள் கையை விட்டுவிட்டார்கள்.

நிவாரணத்தில் யாஹ்யா கான் அரசு காட்டிய மெத்தனம் கிழக்கு பாகிஸ்தானைக் கொதிக்க வைத்தது. டிசம்பர் தேர்தலில் அவாமி லீக் பெருவெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு போர், பிறகு வங்கதேசம். அந்த அரசியல் தனி அத்தியாயத்துக்கான விஷயம்.

கொடியும் கை சைரனும்

புது நாடு 1972ல் 'புயல் முன்னேற்பாட்டுத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. செஞ்சிலுவைச் சங்கம் அறுபதுகளிலேயே அதற்கு விதை போட்டிருந்தது. கிளாஸ் ஹாக்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன்காரர் கரையோரக் கிராமங்களில் சுற்றி அடித்தளம் அமைத்தவர்.

திட்டம் ரொம்ப எளிமை. டாக்காவிலிருந்து வயர்லெஸ்ஸில் சேதி வரும். அதை ஊருக்குள் கொண்டுபோவது அந்த ஊர்க்காரர்களே. தொடக்கத்தில் சுமார் 20,000 தொண்டர்கள், சம்பளம் கிடையாது. சைக்கிள், மெகாஃபோன், கையால் சுற்றும் சைரன், அப்புறம் கொடி. ஒரு கொடி ஏறினா கவனமா இரு. இரண்டு ஏறினா ஆபத்து. மூன்று ஏறினா 'மஹாபிபத்', பேரிடர், உடனே கிளம்பு. துறைமுக எண்ணைக் கிராமத்து பாஷைக்கு மாத்தினதுதான் இந்தக் கொடி. வானொலியில் யாரோ சொன்னால் நம்பாதவர், தெரிஞ்ச பக்கத்து வீட்டுப் பையன் வந்து கதவைத் தட்டினால் யோசிப்பார்.

ஆனா கிளம்பி எங்கே போறது? 1991 ஏப்ரல் 29 இரவு இதற்குக் கொடூரமான பதில் கிடைத்தது. சிட்டகாங் கரையைத் தாக்கிய புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். சேதி இந்த முறை ஊர்வரை போயிருந்தது, தொண்டர்கள் ஓடியிருந்தார்கள். பிறகு நடந்த ஓர் ஆய்வில், செங்கல் அல்லது கான்கிரீட் கட்டிடத்தை அடைந்த அத்தனை பேரும் பிழைத்திருந்தார்கள். அடையாதவர்களில் 22 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் 31 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள்.

ஏன் போகலை? பாதுகாப்பிடங்கள் குறைவு, இருந்ததும் தூரத்துல. மாட்டை விட்டுட்டு எப்படிப் போறது? அந்த ஒரு மாடுதான் வீட்டோட மொத்த சொத்து. பூட்டிட்டுப் போனா திருட்டுப் போகும். கூட்டத்துல அந்நிய ஆண்களோட ராத்திரி முழுக்க எப்படி இருக்கறதுன்னு பெண்கள் தயங்கினாங்க, வீட்டுக்காரர் வரட்டும்னு காத்திருந்தாங்க. இதை அறியாமைன்னு சொல்லிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது.

பள்ளிக்கூடமே பாதுகாப்பிடம்

1991க்குப் பிறகு பொறியாளர் ஜமீலுர் ரேஸா சவுத்ரி தலைமையிலான குழு, கரையோரம் முழுக்கப் பாதுகாப்பிடம் கட்டப் பெருந்திட்டம் போட்டது. அதில் மையமான யோசனை: புயலுக்கு மட்டும்னு கட்டிடம் கட்டாதீங்க, பள்ளிக்கூடமாகக் கட்டுங்க. பத்து வருஷத்துக்கு ஒருமுறை திறக்கும் கட்டிடம் பாழாகும், சாவி யாரிடம் இருக்குன்னே தெரியாது. பள்ளிக்கூடம்னா தினமும் பிள்ளைங்க நடந்து போற வழி. உயரமான தூண்கள் மேல் கட்டிடம், கீழே தண்ணீர் போய்க்கொள்ளும். காலப்போக்கில் பெண்களுக்குத் தனி அறை, கழிப்பறை, கால்நடைக்கு இடம் எல்லாம் வடிவமைப்பில் சேர்ந்தன. மாடுகளை ஏற்ற 'கில்லா' என்ற மண்மேடுகள் எழுபதுகளிலேயே இருந்தன.

2007 நவம்பர் 15 சித்ர் புயலில் மாற்றம் தெரிந்தது. ஆறு மாதம் கழித்து நர்கிஸ் புயல் பக்கத்து மியான்மரைத் தாக்கியபோது அங்கே இறந்தவர்கள் ஏறக்குறைய 1,38,000 பேர். 2020 மே மாதம் ஆம்பன் வந்தபோது, கோவிட் நடுவிலும் வங்கதேசம் சுமார் 24 லட்சம் பேரைப் பாதுகாப்பிடங்களுக்கு மாற்றியது. அந்தப் புயலின் மையம் மேற்கு வங்கத்தில் கரையேறியதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் வங்கதேசத்தில் உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. இன்று தொண்டர்கள் 76,000 பேர், அதில் பாதி பெண்கள். பெண் வந்து கூப்பிட்டால் பெண் கிளம்புவாள் என்பது அனுபவத்தில் கற்றது.

உயிர் தப்பியது. வயல்?

கதையை இங்கேயே முடிச்சா நிம்மதியா இருக்கும். ஆனா 2009 மே மாதம் அய்லா புயல் வேறொரு பாடம் சொன்னது. வங்கதேசத்தில் இறந்தவர்கள் 200க்கும் குறைவு. ஆனா தென்மேற்கில் குல்னா, சாத்கிரா மாவட்டங்களில் கரைகள் உடைந்து உப்புத்தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. சில இடங்களில் உடைப்பு அடைபடவே இரண்டு வருஷம் ஆச்சு. அதுவரை தினமும் இரண்டு வேளை கடல் வயலுக்குள் வந்துபோனது. குடிநீர்க் குளம் உப்பானது. ஜனங்க கரை மேலேயே குடிசை போட்டு இருந்தாங்க, பலர் நகரத்துக்குப் போயிட்டாங்க.

அந்தக் கரைகள் 1960களில் வெளிநாட்டு நிபுணர்களின் யோசனையில் கட்டியவை. 'போல்டர்'னு பேரே டச்சு மொழிதான். உப்புநீரைத் தடுத்தன, கூடவே வண்டலையும் தடுத்தன. வண்டல் ஆற்றிலேயே தங்கி ஆறு மேடானது, உள்ளே நிலம் தாழ்ந்தது, மழைநீர் வடியவில்லை. 1990ல் பீல் டகாத்தியா பகுதி மக்கள் தாங்களே கரையை வெட்டி ஆற்றை உள்ளே விட்டார்கள். சட்டப்படி குற்றம். வண்டல் படிந்து நிலம் உயரும்னு அவங்க தாத்தா காலத்து அனுபவம் சொன்னது. பிற்பாடு அந்த முறையையே அரசு 'அலைவழி ஆற்று மேலாண்மை' என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது.

காலநிலை மாற்றத்துல முதல்ல அடிபடுறவங்களுக்கு எப்படி உதவுறதுன்னு உலக மாநாடுகள்ல இப்ப பேசுறாங்க. கடல் மட்டம் ஏறிக்கிட்டே இருக்கறதால பணம் கட்டாயம் வேணும், கரைகளை உயர்த்தணும். ஆனா அந்தக் கடலோரத்தில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதற்கு ஐம்பது வருஷக் கணக்கு இருக்கு. மாடு, சேலை, சாவி, வண்டல் இதையெல்லாம் பத்தி ஊர்க்காரங்ககிட்ட கேட்ட திட்டங்கள் நின்றன. கேட்காத திட்டங்களின் கடனை அவங்க பேரப்பிள்ளைங்க அடைச்சிக்கிட்டிருக்காங்க.

அடுத்த தடவை டிவியில கூண்டு ஏறின சேதி வரும்போது ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க: உங்க தெருவுல அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்லி, கதவைத் தட்டப்போறது யார்?

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.