உலாவியும் நிறுவப்படும் இணையச் செயலியும்: ஒரு வரலாற்று நோக்கு

மேசைக்கணனியில் ஒரு மென்பொருளை நிறுவுதல் என்பது நெடுங்காலம் அதனைத் தன்வயப்படுத்திக்கொள்வதையே குறித்தது. விலைகொடுத்து வாங்கிய நிரல் வன்தட்டிற் பதிந்தது. ஆக்கியோனின் தயவை வேண்டாது இயங்கியது. இந்நிலையை மாற்றிய கருவி உலாவியாகும்.

1990 இல் ஜெனீவாவை அண்மிய சேர்ண் ஆய்வுகூடத்திலே ரிம் பேர்ணர்ஸ்-லீ ஆக்கிய முதல் உலாவி, ஆவணங்களைப் பார்ப்பதற்கும் திருத்துவதற்கும் எழுந்ததாகும். 1995 இல் நெற்ஸ்கேப் உலாவியுடன் ஜாவாஸ்கிரிப்ற் மொழி இணைந்ததும், ஆவணமே நிரலாக இயங்கும் வாய்ப்பு உருவாயிற்று. நிரல்கள் உலாவியினுள்ளே இயங்குமாயின் இயங்குதளத்தின் மேலாண்மை தளருமென்பதை மைக்ரோசொவ்ற் நிறுவனம் உணர்ந்தது. அது தனது உலாவியை விண்டோசுடன் பிணைத்தமை தொடர்பாக ஐக்கிய அமெரிக்க நீதித் திணைக்களம் 1998 இல் வழக்குத் தொடுத்தமை இப்பின்னணியிலேயே நோக்கத்தக்கது. 2004 இல் ஜிமெயிலும், 2005 இல் கூகிள் வரைபடமும் வெளிவந்தபோது, நிறுவாமலே பயன்படுத்தும் செயலியின் ஆற்றல் வெளிப்படையாயிற்று.

எனினும், உலாவிக்குள் ஒடுங்கிய செயலி மீண்டும் தனிச்சாளரத்தை நாடிற்று. மொசில்லாவின் பிறிசம் 2007 இலும், கூகிளின் குரோம் உலாவி 2008 இலும் இணையத்தளமொன்றைத் தனிச்சாளரத்தில் திறக்க வழிசெய்தன. பிணைப்பற்ற வேளையிலும் இயங்கவல்ல இத்தகைய செயலிகளுக்கு அலெக்ஸ் ரசல், பிரான்சஸ் பெரிமன் ஆகியோர் 2015 இல் ‘முன்னேறும் இணையச் செயலி’ எனும் பொருள்படப் பெயரிட்டனர். 2023 இல் அப்பிளின் சபாரியும் மாக் கணனிகளில் இவ்வசதியை வழங்கலாயிற்று.

இங்கு சிந்திக்க வேண்டியது யாதெனில், ‘நிறுவுதல்’ என்ற சொல் நிலைத்திருக்க அதன் பொருள் மாறிவிட்டமையாகும். தனிச்சின்னமும் தனிச்சாளரமும் பெற்ற செயலியை உள்ளிருந்து இயக்குவது உலாவியின் பொறியே. முகவரிப் பட்டை பெரும்பாலும் மறைக்கப்படுகின்றது. பயனர் தாம் எந்தத் தளத்தில் நிற்கின்றார் என்பதைக் காட்டும் அடையாளமும் அதனோடு மறைகின்றது. நிரலோ தொலைவிலுள்ள வழங்கியிலிருந்தே புதுப்பிக்கப்படுகின்றது. கவனம் சிதறாது பணியாற்றத் தனிச்சாளரம் உதவுமென்பது உண்மை. ஆனால் அது உடைமையைத் தருவதில்லை. விண்டோஸ், மாக், லினக்ஸ் கணனிகளில் ‘குரோம் செயலிகள்’ எனும் வகையைக் கைவிடப்போவதாக 2016 இல் கூகிள் அறிவித்தமை இதற்குத் தக்க சான்றாகும். நிறுவியோரின் விருப்பம் அம்முடிவைத் தீர்மானிக்கவில்லை.

ஆகவே, உலாவியா, நிறுவிய செயலியா என்னும் வினா வசதி பற்றியது மட்டுமன்று, ஆட்சி பற்றியதுமாகும். ஆய்வுக் குறிப்புகளையும் கட்டுரைகளையும் இத்தகைய செயலிகளில் எழுதிவரும் மாணவ சமுதாயம், சின்னம் மேசைத்திரையில் இருப்பதைக் கொண்டு எழுத்தும் தன்வசமுள்ளதெனக் கொள்ளலாகாது. அதன் படியொன்று தன் வன்தட்டில் இருக்கும்போதே அது தன்னுடையதாகின்றது.