கிள்ளைக் கரையில் பூட்டிய ஸ்டெப்னி

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் செல்லும் வழியில் உள்ள கிள்ளையிலும், அதனை அடுத்த முடசலோடை முதலிய மீனவக் குடியிருப்புகளிலும் கரையேறும் மீன், இன்று பெரும்பாலும் பிக்கப் எனப்படும் சிறு சரக்கு வண்டிகளில்தான் வெளியூர்ச் சந்தைகளுக்குச் செல்கிறது. இவ்வண்டிகளின் பின்பகுதியில், பாடி எனப்படும் சரக்குத் தட்டுக்கு அடியில், ஓட்டுநர்கள் ஸ்டெப்னி என்று அழைக்கும் மாற்றுச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். வழியில் பஞ்சரானால் கைகொடுக்க வேண்டிய அந்தச் சக்கரம், பூட்டுத் திறக்காமலோ, அதைத் தாங்கும் சங்கிலி இறங்காமலோ வண்டியோடு இறுகிப்போவது கடற்கரை ஓட்டுநர்கள் நன்கறிந்த தொல்லை. பராமரிப்புக் குறைவு என்று ஒரே சொல்லில் இதற்குக் காரணம் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் மாற்றுச் சக்கரம் தோன்றிய விதத்தையும், கண்ணில் படும் இடத்திலிருந்து படாத இடத்துக்கு அது நகர்ந்த விதத்தையும் நோக்கினால், குறையின் பெரும்பகுதி அமைப்பிலேயே இருப்பது விளங்கும்.

ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதும், மிஷ்லின் சகோதரர்கள் 1895இல் பாரிஸ்-போர்தோ-பாரிஸ் பந்தயத்தில் அத்தகைய டயர் பூட்டிய மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்டியதும் பயணத்தின் குலுக்கலைக் குறைத்தன என்றாலும், பஞ்சர் என்னும் புதிய இடரையும் உடன் கொண்டுவந்தன. அக்காலத்துச் சக்கரங்கள் வண்டியின் அச்சோடு நிலையாகப் பொருத்தப்பட்டவை. ஆகவே டயரை மட்டும் நெம்பிக் கழற்றி, டியூபுக்கு ஒட்டுப்போட்டு, கையால் காற்றடித்து மீண்டும் ஏற்றும் வேலை முழுவதையும் நடுவழியிலேயே செய்ய வேண்டியிருந்தது. இதற்கு 1904இல் ஒரு மாற்று வழி கண்டவர் வேல்ஸ் நாட்டின் லானெல்லி நகரைச் சேர்ந்த தாமஸ் மோரிஸ் டேவீஸ். ஆரக்கால்கள் இல்லாத இரும்பு வளையம் ஒன்றில் காற்றடைத்த டயரை ஏற்றி வைத்துக்கொண்டு, பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலேயே அதன் பக்கவாட்டில் இந்த வளையத்தைக் கவ்விகளால் இறுக்கிவிடுவது அவர் கண்ட வழி. அவரும் அவருடைய சகோதரரும் தொழில் நடத்திய ஸ்டெப்னி தெருவின் பெயரே அந்தச் சக்கரத்துக்கும் வந்தது. சில ஆண்டுகளுக்குள் கழற்றி மாட்டும் சக்கரங்கள் பரவி, அமெரிக்காவில் ராம்ப்ளர் கார் 1909இல் முழு மாற்றுச் சக்கரத்தோடு விற்பனைக்கு வந்தபோது, டேவீஸின் கருவிக்குத் தேவை குறையத் தொடங்கியது. கருவி மறைந்தும் பெயர் மறையாமல் இந்தியாவில் நிலைத்துவிட்டது.

தமிழகச் சாலைகளில் பஞ்சரின் கதை மாட்டு வண்டியோடு பிணைந்தது. வண்டி மாடுகளின் குளம்புகளில் அடிக்கப்படும் லாடங்கள் தேய்ந்து கழலும்போது, அவற்றின் ஆணிகள் சாலையெங்கும் சிந்தும். மோட்டார் வண்டியின் டயருக்கு அந்த ஆணிகளைவிடப் பெரிய பகை இருக்கவில்லை. மதுரையில் 1911இல் மோட்டார்த் தொழிலைத் தொடங்கிப் பேருந்துகளைக் குறித்த நேரத்தில் ஓட்ட முனைந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார், காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்பது அவருடைய நிறுவனத்தின் வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் செய்தி. பஞ்சரான பிறகு என்ன செய்வது என்று வேல்ஸ்காரர் யோசித்தார். பஞ்சரே ஆகாமல் தடுப்பது எப்படி என்று மதுரைக்காரர் யோசித்தார். இரண்டாவது வழி ஒரு நிறுவனத்தின் சாலைக்குப் பொருந்துமே தவிர நாட்டின் சாலைகளுக்கெல்லாம் பொருந்தாது என்பதால், ஸ்டெப்னியே எங்கும் நிலைத்தது.

தொடக்கத்தில் மாற்றுச் சக்கரம் வண்டியின் வெளிப்புறத்தில், ஏறுபடியின் மேலோ முன்சக்கர மறைப்பின் பக்கத்திலோ, எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பில் அது பின்புறத்தில் நிமிர்ந்து நின்றது. அம்பாசடர் போன்ற கார்களில் டிக்கி எனப்படும் பின்பெட்டிக்குள் சென்றது. எங்கு இருந்தாலும் அது காத்துவைக்க வேண்டிய உடைமையாகவே இருந்தது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்கள் 1942இல் ஜப்பானியர் கைக்குப் போனதும் டயர் அரும்பொருளாயிற்று. சென்னையை அடுத்த அம்பத்தூரில் டன்லப் ஆலையும், திருவொற்றியூரில் 1961இல் டயர் உற்பத்தியில் இறங்கிய எம்.ஆர்.எஃப். ஆலையும் வந்த பின்னரும்கூட, ஒரு புதிய டயரின் விலை சிறு வண்டி உரிமையாளருக்குச் சுமையாகவே இருந்தது. ஓட்டுநரோடு செல்லும் கிளீனர் என்னும் உதவியாளர் ஸ்டெப்னியின் காற்றைப் பார்ப்பதும், இரவில் அதற்குக் காவல் இருப்பதும் அந்தக் காலத்துக் கடமைகள். சிறு வண்டிகளில் கிளீனர் இல்லாமற்போனதை ஒரு செலவுக் குறைப்பாக மட்டும் கருதுவது சரியன்று; ஸ்டெப்னியைத் தினமும் பார்த்த ஒரே கண்ணும் அவரோடு போய்விட்டது.

பிக்கப்பில் பின்பகுதி முழுவதும் சரக்குக்கு வேண்டியிருப்பதால், மாற்றுச் சக்கரத்துக்கு எஞ்சிய இடம் அடிப்புறமே. சக்கரத்தின் நடுத்துளை வழியே ஒரு தட்டு செருகப்பட்டு, அத்தட்டு சங்கிலியிலோ முறுக்குக் கம்பியிலோ தொங்கும். அந்தச் சங்கிலியைச் சுருட்டவும் அவிழ்க்கவும் உதவும் சிறு பல்சக்கரப் பொறிக்கு வின்ச் என்று பெயர். பின்பக்க பம்பருக்கு அருகிலுள்ள துளை வழியாக நீண்ட கம்பியைச் செலுத்தி, வின்ச்சின் வாயில் அதைப் பொருத்தி ஒரு திசையில் சுழற்றினால் சக்கரம் இறங்கும். மறு திசையில் சுழற்றினால் ஏறி இறுகும். ஓட்டுநர் வண்டிக்கு அடியில் படுக்கத் தேவையில்லை என்பதும், கனமான சக்கரத்தைக் கையால் தூக்க வேண்டியதில்லை என்பதும் இதன் நன்மைகள். ஆனால் அடியில் தொங்கும் பொருளை, குனிந்து கம்பியைச் சுழற்றத் தெரிந்த எவரும் சில நிமிடங்களில் இறக்கிக்கொண்டு போய்விடலாம்.

அதனால்தான் பூட்டு வந்தது. அமெரிக்கப் பிக்கப் வண்டிகள் சிலவற்றில், கம்பி நுழையும் துளைக்குள்ளேயே சாவியால் திறக்கும் ஓர் அடைப்பான் வைக்கப்பட்டது. அதை எடுத்தால்தான் கம்பி வின்ச்சை எட்டும். நம்மூரில் ஆலை தராத பூட்டை உரிமையாளர்களே மாட்டிக்கொண்டனர். சக்கரத்தின் துளை வழியாகவும் சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தைச் சுற்றியும் இரும்புச் சங்கிலியைக் கோத்து, அதில் ஒரு தொங்குபூட்டை மாட்டிவிடுவது அந்த முறை. பூட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லின் பூட்டுகளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும், வீட்டுக் கதவுக்கும் கோயில் கதவுக்கும் செய்யப்படும் எந்தப் பூட்டும், சேறும் மழைநீரும் ஓயாமல் தெறிக்கும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாமல் தொங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று.

கிள்ளையில் இந்தச் சிக்கல் முற்றுவதற்குக் காரணம் அங்கு ஏற்றப்படும் சரக்கு. விரைவுப் போக்குவரத்து இல்லாத நாளில் கடற்கரையில் எஞ்சிய மீன் உப்பிட்டுக் காயவைக்கப்பட்டுக் கருவாடாயிற்று. பச்சை மீன் தலைச்சுமையாகவும், பின்னர் மிதிவண்டியிலும், 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தபின் அதன் பின்னிருக்கைப் பெட்டியிலும் அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் சென்றது. கிள்ளைக் கடலோரத்தை 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியதற்கு மறு ஆண்டு, மக்கள் குட்டியானை என்று பெயரிட்ட டாடா ஏஸ் விற்பனைக்கு வந்தது. 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. இத்தகைய வண்டிகளில் ஐஸ்கட்டி நிரப்பிய மீன்பெட்டிகள் அடுக்கப்படும்போது, உருகிய ஐஸ்நீர் மீன் உடலில் ஒட்டிய கடல்நீரின் உப்பையும் சேர்த்துக்கொண்டு, தட்டின் இடுக்குகள் வழியே கீழே வடிகிறது. அது வடியும் இடத்தில்தான் ஸ்டெப்னியும் வின்ச்சும் பூட்டும் இருக்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இரும்பின் மேல் படிந்த சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் அக்காற்றிலிருந்தே நீரை ஈர்த்துக் கரைசலாகிவிடும். கடலோர இரவுகளில் அந்த அளவு எளிதில் கடக்கப்படுவதால், ஓடாமல் நிற்கும் வண்டியிலும் துருவேறுதல் ஓய்வதில்லை.

துரு என்பது தேய்மானம் மட்டுமன்று. இரும்பு துருவாகும்போது அது அடைத்துக்கொள்ளும் இடம் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுகிறது. சாவித் துளையின் உள்ளே, வின்ச்சின் பற்களுக்கு நடுவே, மயிரிழை அளவே இடைவெளி உள்ள பாகங்கள் இப்படி ஒன்றையொன்று நெருக்கி இறுகுகின்றன. முறுக்குக் கம்பியின் நிலைமை இதனினும் மோசம்: வெளியே முழுதாகத் தோன்றினாலும், புரிகளுக்கிடையே தங்கிய உப்புநீர் அதை உள்ளிருந்தே அரித்துவிடும். உலோக அரிப்பை ஆராயும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கடற்காற்றின் தாக்கத்தை அளக்கத் தன் சோதனை நிலையத்தை மண்டபத்தில் அமைத்ததற்கும் கரையின் இந்த இயல்பே காரணம். இதில் ஒரு முரண் உண்டு: வெள்ளாற்றுக்கு அப்பால் உள்ள பரங்கிப்பேட்டையில்தான் 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் சேலத்துக் கனிமத்தைக் கொண்டு இரும்பாலை நடத்தினார்; இரும்பை உருக்கிய கரையே இரும்பைத் தின்னும் கரையாகவும் இருக்கிறது.

இறுகிய ஸ்டெப்னியை இறக்கக் கடலோரப் பட்டறைகளில் கையாளப்படும் முறைகள் பழையவை. பூட்டின் துளையில் மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு ஊறவைப்பது, சுத்தியலால் மெல்லத் தட்டித் துருவின் பிடியைத் தளர்த்துவது, வின்ச்சை இறக்கும் திசையில் வலிந்து திருகாமல் முதலில் ஏற்றும் திசையில் சிறிது சுழற்றிப் பின் திருப்புவது, சக்கரத்துக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து எடையைத் தாங்கிக்கொண்டு சங்கிலியின் இழுவிசையைக் குறைப்பது ஆகியவை அவற்றுள் சில. இவற்றுக்கும் மசியாதபோது சங்கிலியையோ பூட்டின் வளைவையோ அறுப்பதே கடைசி வழி; அப்போதும் ஜாக்கியின் தாங்கல் இல்லாமல் அறுத்தால், சக்கரத்தின் முழு எடையும் அடியில் இருப்பவர் மேல் விழும். வின்ச்சைச் சுழற்றும் கம்பியின் முனையில் நீண்ட குழாயை மாட்டிப் பலத்தைக் கூட்டுவது பலரும் செய்யும் தவறு. அதனால் பெரும்பாலும் வின்ச்சின் வாய் சிதைந்து, இறங்கியிருக்கக்கூடிய சக்கரமும் இறங்காமற்போகிறது.

திருடனை மட்டும் எண்ணி அமைத்த பூட்டு இந்தக் கரையில் தவறான பகைவனை நோக்கி நிற்கிறது. துருவே இங்கு வலிய திருடன். அதற்காக ஸ்டெப்னியையே கைவிடவும் முடியாது. பயணிகள் கார்களில் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் இருந்தால் மாற்றுச் சக்கரம் வேண்டியதில்லை என்று 2020இல் இந்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. பாரம் ஏற்றி இரவில் நெடுந்தூரம் செல்லும் மீன்வண்டியில் அந்த ஏற்பாடு ஸ்டெப்னிக்கு ஈடாகாது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் அந்த 61 நாட்களில் மீன்வண்டிகளும் பெரும்பாலும் ஓய்ந்து நிற்கின்றன. வண்டி உரிமையாளர்கள் அப்போது ஸ்டெப்னியை இறக்கி, நல்ல தண்ணீரில் வின்ச்சையும் பூட்டையும் கழுவி உலர்த்தி, கிரீஸ் தடவி, காற்றடித்து மீண்டும் ஏற்றி வைக்க வேண்டும்.