ஆரல்வாய்மொழி

கன்னியாகுமரி மாவட்டம், தோவாளை வட்டத்திலுள்ள பேரூராட்சி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக் கணவாயில் அமைந்தது. திருநெல்வேலி - நாகர்கோவில் சாலையும் ரயில் பாதையும் இதன் வழியே செல்கின்றன. கணவாய்தான் ஊரை உண்டாக்கியது என்பது வழக்கமான கருத்து. ஆனால் மலை, கடலைத் தொடும் முன்பே முடிந்துவிடுகிறது. தெற்கே சமவெளியாகச் சுற்றி வந்துவிடலாம். அந்த வழியை அடைத்து இந்த ஊரை ஒரே வாசலாக்கியது திருவிதாங்கூர் கட்டிய கோட்டைமதில். ஆகவே ஊருக்கு ஆள் சேர்த்தது மலையைவிட எல்லையே எனக் கொள்வது பொருந்தும்.

இவ்வழியே வந்த 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் படையெடுப்புகளை இரவிக்குட்டிப் பிள்ளை கதைப்பாடல் பேசுகிறது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் இம்மதிலை வட்டக்கோட்டைக் கடற்கரைவரை வலுப்படுத்தினார் என்பர். எல்லையின் பயன் இருவகை: அப்பால் புகலிடம், இப்பால் தண்டனை. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நட்டாலம் நீலகண்ட பிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனது மதிலுக்கு அப்பால், வடக்கன்குளத்தில். 1752இல் அவர் சுடப்பட்டது மதிலுக்கு இப்பால், இவ்வூர்க் காற்றாடிமலையில். தண்டனைக்குக் காரணம் மதமாற்றமா, அரசியலா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை.

இவ்வூர் வரலாற்றில் மிகுதியாகப் பதிவானது 1809ஆம் ஆண்டுப் போர். ஜனவரியில் திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயருக்கு எதிராகக் குண்டறையில் அறிக்கை விட்டதும், கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் ஆங்கிலக் கும்பினிப் படை மதிலுக்கு வெளியே வந்து இறங்கியது. நேராக மோதினால் பீரங்கிக்கு இரையாக வேண்டும் என்பதால், மேஜர் வெல்ஷ் ஒரு பிரிவுடன் இருட்டில் தென்புற மலையில், பாறையும் முட்செடியுமான சரிவில் ஏறினார். பிப்ரவரி 10 விடியலில் மேலிருந்த கொத்தளம் விழுந்தது. கீழே நின்றவர்கள் கலைந்தனர். உதயகிரி, பத்மநாபபுரம் கோட்டைகள் சண்டையின்றிப் பணிந்தன. பிற்பாடு வெல்ஷ் எழுதிய நினைவுக்குறிப்புகள்தாம் பெரும்பாலும் நமக்குச் சான்று. வென்றவர் சொல்லும் எண்ணிக்கைகளை அப்படியே ஏற்பதற்கில்லை. இருட்டில் மலையேறிய கதையில் மட்டும் மிகை தெரியவில்லை.

காவல் போனபின் சவுக்கை எனும் சுங்கச்சாவடி மட்டும் எஞ்சியது. 1865 வணிக உடன்படிக்கை சுங்கத்தின் பெரும்பகுதியை நீக்கியது. 1956 நவம்பர் 1இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைய, எல்லை களியக்காவிளைக்கு நகர்ந்தது. எல்லை போயும் ஊர் கலையவில்லையே என்று கேட்கலாம். கலையவில்லைதான், ஆனால் பிழைப்பு மாறிற்று. அருகே முப்பந்தல் காற்றாலைகள் கணவாய்க் காற்றை நம்பி வந்தவை. மலைக்கு உரிய பங்கு இங்கேதான். 2022இல் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். காற்றாடிமலைக்குத் திருப்பயணிகள் வருகின்றனர்.